ஏழாவது வினா: இன்றேல், ஏன்?

1

இந்தக் கதையைப் பழனியம்மாவுக்காகத் தொடங்கினேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. எழுதி முடித்தால் நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்டவேண்டும். அதனால்தான் இரண்டு மாதமாக முடியாமல் கிடக்கிறது.

அவளுடைய புருஷன் பெரியசாமி மருதமுத்து. நாங்கள் மருதை என்று கூப்பிடுவோம். இந்த வருடம், தொண்ணூற்றாறு, மாசி மாதத்தில் ஒரு காலையில் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. அதைத் தெரிந்துகொள்வதற்காகப் பாராளுமன்றத்தில் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. அந்தக் கேள்வியை எழுதிக் கொடுத்தவன் நான்.

கொழும்பில், கொட்டாஞ்சேனையில் மக்கீன் முதலாளியின் பழைய கடதாசிக் கடையில் மூட்டை தூக்குகிறேன். மருதையும் அங்கேதான் தூக்கினான். எழுத்துப் படித்தது நாற்பத்து மூன்று வயதில். ஆகவே வசனம் அங்கே இங்கே கோணலாக இருக்கும். (மூட்டையைக் கோணலாக அடுக்கினால் யாருடைய தலையிலாவது சரியும். வசனம் சரிந்தால் யாருக்கும் காயம் வராது என்றுதான் முன்பு நினைத்திருந்தேன்.)

2

ஆரம்பம் மூன்று எழுதினேன்.

முதலாவது: "கொட்டாஞ்சேனைத் தேவாலய மணி ஓசை ஓய்ந்த வேளை..." அடித்துவிட்டேன். அன்றைக்கு மணி அடித்ததா என்று எனக்கு நினைவில்லை. கதைகளில் மணி அடிக்கிறது என்பதற்காக அடிக்க வைத்தேன்.

இரண்டாவது: "மருதை எவருக்கும் தீங்கு நினையாத உத்தமன்." இதையும் அடித்தேன். என் தேத்தண்ணியில் பாதியை ஒவ்வொரு நாளும் கேளாமல் எடுத்துக் குடிக்கிறவன் அவன். சீட்டில் கள்ளம் விளையாடுவான். நான் எழுத்துப் படிக்கத் தொடங்கியபோது கடை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டான்:

"இந்தா பாருங்கடா, நாப்பத்து மூணு வயசுல பாலர் வகுப்பு! இத்தன நாளும் இவரு பேப்பரத் தூக்குனாரு. இனிமே பேப்பரு இவரத் தூக்கப் போகுது!"

ஒரு ஆளை எங்கே என்று கேட்பதற்கு அவன் உத்தமனாக இருக்கவேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனாலும் அந்த வரியை அடித்த பிறகு யோசித்தேன். உத்தமன் என்று விட்டிருந்தால் வாசிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் கூடக் கவலை வந்திருக்குமோ?

மூன்றாவது: "நான் அன்றைக்குக் கடைக்குள்..." இதை முடிக்கவில்லை. பிறகு வருகிறேன்.

3

எங்கள் கடைக்கு வருகிற கடதாசியில் பாதி அரசாங்கத்துடையது. கந்தோர்களிலிருந்து லொறியில் வரும். பழைய படிவம், கோப்பு மட்டை, ஹன்சாட். ஹன்சாட் என்றால் பாராளுமன்றத்தில் பேசுகிறதையெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் அச்சடிக்கிற புத்தகம். கடலைக்காரர்கள் விரும்பி எடுப்பார்கள். சுருட்டினால் நிற்கிற தாள்.

முதலாளியின் தங்கச்சி மர்லியா தராசடியில் நிற்பவள். பகல் சாப்பாட்டு நேரத்தில் அவள்தான் எனக்கு எழுத்துச் சொல்லித் தந்தாள், ஹன்சாட்டை வைத்து. அதில் சிங்களமும் இங்கிலீசும்தான் கூட. தமிழ் அங்கே ஒரு பக்கம், இங்கே அரைப்பக்கம். ஆகவே ஒரு முழுப் புத்தகத்தை ஒரு வாரத்தில் நான் முடித்துவிடுவேன்.

"இதையும் முடிச்சிட்டீங்களா அண்ணே? பெரிய பண்டிதர்தான் போங்க," என்பாள் மர்லியா.

எனக்குப் பிடித்தது அதில் கேள்வி நேரம். ஒரு உறுப்பினர் கேட்பார்: (அ) இன்ன ஊர் மரப்பாலத்தில் மூன்று பலகைகள் இல்லை என்பதை அமைச்சர் அறிவாரா? (ஆ) ஆமெனில், அவை இடப்படுமா? (இ) இன்றேல், ஏன்?

தடக்காமல் நான் வாசித்த முதல் வசனம் அதுதான். இன்றேல், ஏன்? அர்த்தம் என்னவென்று மர்லியாவிடம் கேட்டேன்.

"செய்யாட்டி என்னத்துக்குச் செய்யல்லண்டு சொல்லோணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதானா? ஒரு மந்திரி. அவருக்கு முன்னால் ஒரு ஜீப், பின்னால் ஒரு ஜீப். அவரைப் பார்த்து ஒருவர் கேட்டால் அவர் எழும்ப வேண்டும். எழும்பிக் காரணம் சொல்ல வேண்டும், விஷயம் மூன்று பலகைதான் என்றாலும். சொன்னதை அச்சடிக்கவும் வேண்டும். இருபது வருடம் கழித்து என்னைப்போல ஒருத்தன் கட்டுக் கட்டும்போது வாசிப்பான் என்று தெரிந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். எங்கள் கடையில் நாங்கள் கேட்டு யாரும் எழும்பியது கிடையாது. நான் வருடக்கணக்காகத் தோளில் சுமந்த மூட்டைக்குள் இப்படி ஒரு ஏற்பாடு இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

(அந்தப் பாலத்துக்கு என்ன ஆனது என்று தேடினேன். பதில் இருந்த தாள் ஏற்கெனவே கடலைக்குப் போய்விட்டது.)

4

இந்த இடத்தில் விலாசத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். கதை இதில்தான் கொழுவிக்கொண்டு நிற்கிறது.

இப்போது கொழும்பில் தமிழாள் ஒருத்தர் எந்த வீட்டில் தங்கினாலும் வீட்டுக்காரர் அவர் பேரைப் பொலிசில் பதிய வேண்டும். மருதை படுத்தெழும்புவது கொட்டாஞ்சேனையில், எங்கள் கடைக்குப் பின்னால் ஒரு அறையில். அறைக்காரர், "இருக்கிறதெண்டா இருங்க, பதியச் சொல்லிக் கேக்க வாணாம்," என்றுவிட்டார். பழனியம்மா நகரத்தின் மறுபக்கம், வெள்ளவத்தையில் கனகேஸ்வரி அம்மா வீட்டில் சமைக்கிறாள், அங்கேயே தங்குகிறாள். கனகேஸ்வரி அம்மா யாழ்ப்பாணத்தவர், படிப்பித்து ஓய்வெடுத்தவர். இரக்கப்பட்டு அவர் புருஷன் பெண்சாதி இருவரையும் தன் வீட்டிலேயே பதிந்துவிட்டார். ஆகவே மருதையின் உடம்பு கொட்டாஞ்சேனையில், பேர் வெள்ளவத்தையில். எங்களில் நிறையப் பேர் இப்படித்தான் இருக்கிறோம். ஆஸ்பத்திரித் துண்டாக இருந்தாலும் தந்தியாக இருந்தாலும் பதிவு விலாசத்தை எழுதுவதுதான் எங்கள் வழக்கம்.

பழனியம்மா வந்து, "நீங்கதான் எழுதப் படிக்கத் தெரிஞ்சவரு, ஒரு கடுதாசி எழுதித் தாங்கண்ணே," என்று கேட்டபோது நான் கடிதம் எழுதவில்லை. எனக்குத் தெரிந்த முறையில் எழுதினேன்:

"(அ) வெள்ளவத்தை, இன்ன ஒழுங்கை, இன்ன இலக்கத்தில் வசிக்கும் பெரியசாமி மருதமுத்து என்பவர் மேற்படி விலாசத்தில் வைத்துக் கைதுசெய்யப்பட்டார் என்பதை அமைச்சர் அறிவாரா? (ஆ) ஆமெனில், அவர் எங்கே தடுத்துவைக்கப்பட்டுள்ளார்? (இ) இது அவரது மனைவிக்கு அறிவிக்கப்பட்டதா? (ஈ) இன்றேல், ஏன்?"

மேற்படி விலாசத்தில் வைத்து. பிடித்ததோ கொட்டாஞ்சேனையில், எங்கள் கடை வாசலில். பழக்கத்தில் எழுதிவிட்டேன்.

(பழக்கத்தில் என்ற சொல்லை இப்போதைக்கு இப்படியே விடுகிறேன்.)

ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் கந்தோருக்கு அதைக் கொண்டுபோனோம். அங்கே இராஜநாயகம் என்று ஒரு எழுதுவினைஞர். வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை ஆர் எழுதினது?"

"நான்தாங்க ஐயா."

"எங்க படிச்சனீர்?"

"பழைய கடதாசிக் கடையில."

அவர் சிரித்தார். "பட்டம் முடிச்ச பொடியள் எழுதிற கேள்வியை நான் மூண்டு தரம் திருத்திறனான். இதில ஒரு சொல்லும் மாத்தத் தேவையில்லை."

ஒரு சொல்லையும் மாற்றவில்லை. எனக்கு அன்றைக்கு நெஞ்சு விரிந்துதான் இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

5

சபையின் அன்றைய வேலைகளை வரிசையாகப் போடுகிற ஒழுங்குப் பத்திரத்தில் கேள்வி ஏழாவதாக வந்தது. முதல் தடவை அமைச்சர் இரண்டு வார அவகாசம் கேட்டார். இரண்டாவது தடவையும் இரண்டு வாரம். இரண்டு முறையும் வெள்ளவத்தைக்குப் போய்ச் சொன்னது நான்.

"ரெண்டு வாரம்னா தேடுறாங்கன்னுதானே அண்ணே அர்த்தம்?"

"ஆமா."

இரண்டாவது அவகாசம் ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் கனகேஸ்வரி அம்மா என்னைக் கேற்றடியில் மறித்தார்.

"நேற்று ரெண்டு பொலிஸ்காரர் வந்தவை. இஞ்ச வைச்சு ஆரையும் பிடிச்சதோ எண்டு கேட்டவை. இல்லை எண்டு சொன்னனான். எழுதி, என்ரை ஒப்பமும் வாங்கிக்கொண்டு போட்டினம். நான் பொய் ஒண்டும் சொல்லேல்லைத்தானே?"

"இல்லைங்கம்மா."

அவருக்குப் பின்னால் நின்ற பழனியம்மா சிரித்தாள். மூன்று மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு. "பாத்தீங்களாண்ணே, வீடு தேடி வந்துட்டாங்க! இனி ஆளையும் கண்டுபிடிச்சிருவாங்க."

அவர்கள் தேடி வந்தது ஆளை அல்ல, நான் எழுதிய விலாசத்தை என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. அங்கிருந்து நேராக இராஜநாயகத்திடம் போயிருக்கலாம். அடுத்த நாள் ஒரு லொறி வந்தது, இறக்கினேன். அதற்கு அடுத்த நாளும் லொறி வந்தது.

மூன்றாவது தடவை பதில் நிச்சயம் என்று இராஜநாயகம் சொன்னார். பார்வையாளர் பகுதிக்கு இரண்டு பேருக்கு அனுமதியும் எடுத்துத் தந்தார். பழனியம்மா அன்றைக்கு ஒரு சோற்றுப் பார்சலோடு வந்தாள்.

"இது எதுக்கும்மா?"

"மந்திரி இன்ன எடத்துல இருக்காருன்னு சொன்னா அப்படியே நேரா போயிரலாம்ல? திரும்ப வெள்ளவத்தைக்குப் போயி ஆக்கிட்டு வர நேரமாகிப் போயிரும்."

கத்தரிக்காயும் கருவாடும். வாசலில் சோதனை செய்த பொலிஸ்காரர் பார்சலைத் தூக்கி மணந்து பார்த்தார்.

"மே மொனவாத?" இது என்ன என்று கேட்டார்.

"பத், மாத்தயா," என்றேன் நான். சோறு, ஐயா.

"காட்டத?" யாருக்கு என்று கேட்டார்.

எனக்கு முன்னால் பழனியம்மா தமிழில் சொன்னாள்: "எங்க ஊட்டுக்காரருக்கு." அவருக்கு விளங்கவில்லை. பார்சலை ஒரு தட்டில் வைத்துவிட்டு இலக்கம் போட்ட ஒரு தகட்டைத் தந்தார்.

உள்ளே நடந்ததை எழுதுவதற்கு மூன்று பக்கம் ஒதுக்கி வைத்திருந்தேன். மூன்று வரிதான் இருக்கிறது. உறுப்பினர் எழும்பி ஏழாவது வினாவைக் கேட்கிறேன் என்றார். அமைச்சர் எழும்பி, பதிலைச் சபாபீடத்தில் வைக்கிறேன் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எட்டாவது வினா தொடங்கியது.

ஒரு கடதாசிக் கட்டை நிலத்திலிருந்து தூக்கித் தராசில் வைக்கிற நேரம்கூட ஆகவில்லை.

"என்னா சொன்னாரு?"

"பதில மேசையில வச்சிட்டாராம்."

"மேசையிலயா? எந்த மேசை? நாம போயி எடுத்துக்கலாமாண்ணே?"

காவலுக்கு நின்றவர் விரலை வாயில் வைத்துக் காட்டினார்.

6

வெளியே பழனியம்மா தகட்டைக் கொடுத்துப் பார்சலை வாங்கப் போனபோது இராஜநாயகம் பதிலின் பிரதியைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். தமிழிலும் இருந்தது.

"(அ) இல்லை. மேற்படி விலாசத்தில் வைத்து எவரும் கைதுசெய்யப்படவில்லை என வீட்டு உரிமையாளர் வாக்குமூலம் அளித்துள்ளார். (ஆ) எழாது. (இ) எழாது. (ஈ) எழாது."

எழாது என்றால், முதலாவதற்கு இல்லை என்று சொன்ன பிறகு மற்றவற்றுக்கு இடமே இல்லை என்று அர்த்தம். பழைய ஹன்சாட்டில் நூறு தடவை வாசித்த சொல்.

அமைச்சர் பொய் சொல்லவில்லை. இதைத்தான் நான் எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்தேன். ஒரு பொய் சொல்லியிருந்தால் கதை எழுதச் சுகமாக இருந்திருக்கும். கேட்டதற்கு அளவாகப் பதில் சொன்னார். அப்படியானால் இந்த ஆளை எங்கே வைத்துத்தான் பிடித்தார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கலாம். தன் பொலிசைக் கேட்டிருக்கலாம். அதற்குப் பதில் வைத்திருக்கிற மேசை எதுவென்று எனக்குத் தெரியாது. ஆனால் பிழையான விலாசத்தை எழுதி, அவர் தப்பிப் போன கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

"அப்ப எங்க வைச்சுப் பிடிச்சது?" என்று கேட்டார் இராஜநாயகம்.

"கொட்டாஞ்சேனையில."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஏனப்பா உதை முதலே சொல்லேல்லை? பதில் வந்திட்டுது, இனி இதே கேள்வியைத் திரும்பிக் கேக்கேலாது. புதுசா ஒண்டு எழுத வேணும். இடத்தைச் சரியாப் போட்டு, கண்ட ஆள் ஒருத்தற்றை பேரும் ஒப்பமும் வைச்சுக் கொண்டுவாரும். நான் உறுப்பினரிட்டைக் குடுக்கிறன். கண்ட ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

"விசாரிக்கிறேங்க ஐயா," என்றேன்.

பஸ் தரிப்பில் பழனியம்மா பார்சலை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். இந்த இடத்துக்கு மூன்று முடிவு எழுதினேன்.

முடிவு ஒன்று: உள்ளதைச் சொல்கிறேன். அவள்... (இதற்கு மேல் எழுத வரவில்லை.)

முடிவு இரண்டு: ஒரு பஸ் வந்து நிற்கிறது. அதிலிருந்து மருதை இறங்குகிறான். "என்னாடா, சோறு எனக்கா?" என்கிறான். இதை எழுதி ஒரு முழு நாள் வைத்திருந்தேன். நன்றாகத்தான் இருந்தது.

முடிவு மூன்று, நடந்தது:

"மேசையில வச்ச பதில்ல இன்னும் ரெண்டு வாரம் கேட்டிருக்காங்கம்மா."

அவள் நம்பினாள். ஏற்கெனவே இரண்டு தடவை உண்மையாக இருந்த பேச்சுத்தானே. "சரி, ரெண்டு வாரந்தானே," என்று பார்சலை அவிழ்த்தாள். "கெட்டுப் போயிரும்ணே, நீங்க சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். கருவாட்டில் உப்புக் கூட.

அதற்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு அவள் கடைக்கு வருகிறாள். காலைச் சமையலை முடித்துவிட்டுப் பத்து மணிக்கு. நான் இரண்டு வாரம் என்கிறேன். இதுவரை நாலு தடவை ஆகிவிட்டது. எந்த முகத்தோடு அதைச் சொல்லவேண்டும் என்று நான் எங்கே பார்த்துப் படித்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு வித்தியாசம்: மந்திரி எழும்பி நின்று சொன்னார். நான் கட்டின் மேல் உட்கார்ந்தபடியே சொல்கிறேன்.

7

மூன்றாவது ஆரம்பத்தை இப்போது முடிக்கிறேன்.

நான் அன்றைக்குக் கடைக்குள் இருந்தேன். காலை ஏழு மணி இருக்கும். முதலாளி வரவில்லை. பொலிஸ்காரர்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்திருந்தார்கள். மருதை பல் விளக்கிக்கொண்டே கடை வாசலுக்கு வந்தவன் அப்படியே நின்றான். ஒருவர் அவனுடைய பதிவுத் துண்டை வாங்கிப் பார்த்தார். வெள்ளவத்தையில் பதிந்தவன் காலை ஏழு மணிக்குக் கொட்டாஞ்சேனையில் பல் விளக்குவது எப்படி என்று சிங்களத்தில் கேட்டார். நியாயமான கேள்விதான். உண்மையைச் சொன்னால் கனகேஸ்வரி அம்மா மாட்டிக்கொள்வார். மருதை வாய் நுரையோடு, "மெஹே தமாய் வட," இங்கேதான் வேலை என்று நாடியால் எங்கள் கடையைக் காட்டினான்.

அந்த ஆள் கடைக்குள் பார்த்தார். நான் ஹன்சாட் கட்டு ஒன்றுக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தேன். முடிச்சைப் போட்டேன். அதை அவிழ்த்து மறுபடியும் போட்டேன். அவர் உள்ளே வரவில்லை. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆமாம், இவன் எங்கள் கடை ஆள்தான் என்று சொல்லியிருப்பேன் என எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். கேட்கவில்லை, ஆகவே பதில் எழாது.

வாய் கொப்பளிக்கவும் விடாமல் மருதையை ட்ரக்கில் ஏற்றினார்கள்.

அன்று பகல் முதலாளி வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். "பாவம் அந்த மனிசன். யாருக்காச்சும் எழுதுறதெண்டா எழுதுங்க. கடைட பேரு மட்டும் வரப்படாது. எனக்கும் நாலு புள்ளைகள் ஈக்கு." அவரைக் குறை சொல்ல இந்த வரியை எழுதவில்லை. அவர் சொல்லாமல் இருந்திருந்தாலும் நான் வெள்ளவத்தை என்றுதான் எழுதியிருப்பேன். கொட்டாஞ்சேனை என்று எழுதினால் எந்த வாசல் என்று கேட்பார்கள். வாசலைச் சொன்னால் உள்ளே நின்றது யார் என்று கேட்பார்கள்.

நாலாம் பகுதியில் இருக்கிற 'பழக்கத்தில்' என்ற சொல்லை அடிக்கிறேன்.

8

நேற்று, இதுவரை எழுதியதை மர்லியாவிடம் கொடுத்தேன். தராசில் சாய்ந்தபடி கடைசித் தாள் வரைக்கும் வாசித்தாள். பிழை திருத்துவாள் என்று பென்சிலை நீட்டினேன். வாங்கவில்லை.

"கதை நல்லாத்தான் ஈக்கு. நாநாட பேரு ஈக்கு. என்ட பேரு ஈக்கு. டீச்சரம்மாட பேரு, கிளாக்கர்ட பேரு, எல்லாம் ஈக்கு." (நாநா என்றால் அவளுடைய அண்ணன், முதலாளி.) தாள்களைத் தட்டி ஒழுங்காக்கி என் கையில் தந்தாள். "ஒங்கட பேரு எங்க அண்ணே?"

எழுதத் தெரியாமல் இல்லை. அவள் எனக்கு முதல் கிழமையே படிப்பித்தது அதைத்தான்.

நாளைக்கு ஞாயிறு. பத்து மணிக்குப் பழனியம்மா வருவாள். ஐந்தாவது தடவை. இந்தக் கதைக்கு நான் ஒரு முடிவு எழுதினால் அதுவும் இன்னொரு இரண்டு வாரமாகத்தான் போகும். ஆகவே முடிவை வினாவாக்கி உங்கள் முன்னால் வைக்கிறேன். இந்தத் தடவை இடம் சரியாக இருக்கிறது.

(அ) பெரியசாமி மருதமுத்து என்பவர் கொட்டாஞ்சேனை மக்கீன் பழைய கடதாசிக் கடை வாசலில் வைத்துப் பிடித்துச் செல்லப்பட்டதை, அக்கடையின் உள்ளே நின்ற ஒருவர் கண்டார் என்பதை வாசிப்பவர் அறிவாரா?

(ஆ) ஆமெனில், கண்டவர் தமது பெயரையும் ஒப்பத்தையும் இதன் கீழே இட்டுள்ளாரா?

(இ) இன்றேல், ஏன்?